மூச்சு விட ஒரு குழாய்

வேங்கிக்கால்,
14.9.2025

அன்புள்ள வளவன் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமென்று நினைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தீர்கள். "சாப்ட்டியா?" என்றீர்கள். "ம்" என்றேன். அப்புறம் லைன் கட்டாகும்வரை இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் மூச்சைக் கேட்பதற்கா மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணுகிறேன்? அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதியவர்தானே நீங்கள். கடிதத்தில் அழுதால் சத்தம் கேட்காது, அது ஒரு வசதி.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பௌர்ணமி கிரிவலத்துக்குக் கலெக்டர் ஆபீசில் எங்கள் எல்லோருக்கும் டூட்டி போட்டார்கள். நம் கிணறு இருக்கிற அடி அண்ணாமலைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று சூப்பரின்டெண்டிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வளவன் போன இந்த இரண்டு வருஷமாக என்னிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தற்காலிக பஸ் ஸ்டாண்டில் நின்று எந்த ஊர் பஸ் எங்கே என்று தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அது நன்றாகத்தான் இருந்தது.

ஒரு விஷயம் உங்களிடம் கேட்க வேண்டும். கிணற்றை மூடிவிடலாம் என்கிறான் என் தம்பி கோபி. அவன் விவசாயத்துக்கு போர்வெல் தண்ணீரே போதுகிறதாம். "அதைப் பாக்கவே முடியல அண்ணி. எங்க பசங்கள நெலத்துப் பக்கமே விடறதில்ல" என்கிறாள் அவன் பெண்டாட்டி கஸ்தூரி. நிலத்தில் எனக்கும் பங்கு இருப்பதால் என் சம்மதம் கேட்கிறார்கள். எனக்கு நாளைக்கே மூடினாலும் சரி. நம் எட்டு வயதுப் பிள்ளையை விழுங்கிய கிணற்றைத் திறந்து வைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அந்தமானில் டூரிஸ்ட்டுகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போகிறார் என்றால் யாரும் நம்புவதில்லை. பிள்ளை தண்ணீரில் போனான், அப்பன் தண்ணீருக்குள்ளேயே குடிபோய்விட்டான் என்று என் காதுபடவே பேசினார்கள். பொங்கலுக்காவது வாருங்கள். உங்களை நிஜமாகவே ஒருமுறை காட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள்
மதிவதனி


ஹேவ்லாக், அந்தமான்
3.10.2025

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் வந்தது. "வளவன் அப்பாவுக்கு" என்று மேலே எழுதியிருந்தாயே, அன்று முழுவதும் அதற்குக் கீழே என்னால் படிக்க முடியவில்லை. இனிமேல் அப்படி எழுதாதே. பெயர் சொல்லியே எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இங்கே மழை விட்டுவிட்டது, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். தினமும் இறங்குகிறேன். பவளம் என்றால் நகைக்கடைச் சிவப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இங்கே அது பெரிய முட்டைகோஸ் மாதிரி விரிந்திருக்கிறது, மான்கொம்பு மாதிரி கிளை விட்டிருக்கிறது. எல்லாம் உயிருள்ளவை. பச்சையும் நீலமுமாகச் சில மீன்கள் அந்தப் பாறையைக் கறுக்கு முறுக்கென்று கடிக்கும். அந்தச் சத்தத்தை விட்டால் நம் மூச்சுச் சத்தம்தான். கீழே யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல முடியாது, எல்லோர் வாயிலும் குழாய் இருக்கிறது.

பொங்கலுக்கு வருவது கஷ்டம். கடலில் இறங்கியவன் ஒரு முழு நாள் கழியாமல் விமானம் ஏறக் கூடாது. ஆழத்தில் உடம்பில் ஊறிய காற்று, உயரே போனதும் ரத்தத்தில் குமிழியாகி ஆளை முடக்கிவிடும். சீசனில் எனக்கு இறங்காத நாளே கிடையாது.

கிணற்றை மூட வேண்டாம் என்று கோபியிடம் சொல். நான் வந்து அதில் ஒருமுறை இறங்க வேண்டும்.

இங்கே மீட்புப் பயிற்சி என்று ஒன்று உண்டு. நீச்சல் தெரியாதவன் காப்பாற்றக் குதிக்கக் கூடாது என்பது முதல் பாடம். அடுத்து வருகிறவன் மேலே கிடந்து அடித்துக்கொள்கிறவனைத்தான் முதலில் பிடிப்பான். இதை நானே இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லும்போதெல்லாம், கோபி நிலத்தில் வேலை பார்க்கும் சடையன் கை என் தலைமுடியில் இருக்கிறது. நான் மேலே கத்திக்கொண்டு கிடந்தேன், பிள்ளை அடியில் சத்தமில்லாமல் கிடந்தான். சடையன் என்னை இழுத்துப் படியில் போட்டுவிட்டு மறுபடி குதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னை இழுத்த நேரத்தில் அவனை எடுத்திருக்கலாம் மதி.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரிக்கு மோர்சோறோடு நிறுத்திக்கொள்ளாதே.

அன்புடன்
புகழேந்தி


வேங்கிக்கால்,
26.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க" என்று கூப்பிட்டேன். அவன் பிறந்த பிறகு "வளவன் அப்பா." இனி பழையபடி "என்னங்க" என்று திரும்பிப் போக எனக்குத் தெரியவில்லை. பால்காரர் இன்றைக்கும் கேட் அருகே நின்று "வளவன் அம்மா" என்றுதான் குரல் கொடுக்கிறார். நான் அதை விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

தீபாவளிக்கு கோபி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு அவர்கள் வெடித்தே இருக்கலாம். கஸ்தூரி கட்டிக்கொடுத்த அதிரசத்தில் பாதி இன்னும் டப்பாவில் இருக்கிறது. உங்களுக்குப் பார்சல் அனுப்பினால் எறும்புக்குத்தான் போகும்.

விமானக் கதை நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு நாள் இறங்காமல் இருந்தால் வரலாம் என்று நீங்களே எழுதுகிறீர்கள், அந்த ஒரு நாள்தான் கிடைக்கவில்லை என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் இப்படிச் சாக்குச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பீர்கள்.

சடையன் போன வாரம் வந்தான். "வாத்தியார் எப்டிம்மா இருக்காரு? எம்மேல கோவமா இருக்காரா?" என்று கேட்டான். "உம்மேல எதுக்குக் கோவம்? ஒரு உசிரக் காப்பாத்திக் குடுத்தே" என்றேன். அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டான். நான் வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. அன்று சித்ரா பௌர்ணமி, எனக்கு டூட்டி. செய்தி வந்ததும் வண்டி எதுவும் போகாத காஞ்சி ரோட்டில், கிரிவலக் கூட்டத்துக்கு எதிரே ஓடி வந்தேன். "எதிர்ல வராதம்மா, மலைய அப்டி சுத்தக் கூடாது" என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். உதறிவிட்டு ஓடினேன். வந்து பார்த்தால் ஒரு பாயில் அவன், இன்னொரு பாயில் நீங்கள். நீங்கள் இருமினீர்கள். அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் அன்றைக்கு விழாமல் நின்றேன். நீங்கள் பிழைத்ததைக் குற்றம் மாதிரி எழுதாதீர்கள், எனக்குப் பொறுக்கவில்லை.

கோபியிடம் கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். கிணற்றில் இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

மதி


ஹேவ்லாக்,
8.12.2025

அன்புள்ள மதிக்கு,

தீபம் ஏற்றியதை சரவணகுமார் போனில் பார்த்தேன். சரவணகுமார் என்னோடு வேலை செய்கிற தூத்துக்குடிப் பையன். மலையைக் காட்டி "எங்க வீடு இந்தப் பக்கம்" என்று அவனுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கு நீச்சல் பழக அவன் முதுகில் காலி கேன் கட்டியிருந்தது. முடிச்சை நான்தான் இழுத்துப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. கோபி பிள்ளைகள் கேன் இல்லாமல் குதிப்பதைப் பார்த்துவிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் அவிழ்த்துப் போட்டிருக்கிறான். "அப்பா, இங்க பாரு" என்றான். பார்த்தேன். குதித்தான். அதற்கப்புறம் அவனை நான் பாயில்தான் பார்த்தேன். நடுவில் அவன் எந்த மூலையில் கிடந்தான், எந்தக் கல் மேல் தலை வைத்திருந்தான், ஒன்றும் எனக்குத் தெரியாது. சடையனிடம் கேட்டால் சொல்லத் தெரியாமல் தடுமாறுகிறான். அந்த இடத்தை என் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

பொங்கல் லீவில் நீ இங்கே வாயேன். எனக்குத்தான் நாள் கிடைக்காது, உனக்குக் கிடைக்குமே. நான் பார்ப்பதை நீயும் ஒருமுறை பார். நீச்சல் தெரிய வேண்டாம், கூட நாங்கள் இரண்டு பேர் இருப்போம். நீ வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இந்த வார்த்தையை எழுதியே ரொம்ப நாளாகிறது.

அன்புடன்
புகழேந்தி


வேங்கிக்கால்,
27.1.2026

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கிளாம்பாக்கத்தில் பஸ்சுக்குக் கொஞ்சம் காத்திருந்தேன், அவ்வளவுதான். நீங்கள் கொடுத்த தொப்பியைப் படகிலேயே விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது உங்களிடம் ஒன்றும் பேசவில்லை, உம்மென்று இருந்தேன். ஏன் என்று இப்போது எழுதுகிறேன்.

கடலுக்கடியில் பார்த்ததை யாரிடமும் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. முதலில் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. சரவணகுமார் கண்ணாலேயே மெதுவாக, மெதுவாக என்றான். அப்புறம் நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். ஊதாவும் மஞ்சளுமாக அந்தப் பாறை முழுக்க ஏதேதோ அசைந்துகொண்டிருந்தது. குட்டி மீன்கள் என் விரலை மோந்து பார்த்துவிட்டுப் போயின. இவ்வளவு அழகா என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. துக்கத்தை எடுத்துக்கொண்டு போய் வைக்க உங்களுக்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருக்கிறது. எனக்கு அந்தக் கிணறுதான் கிடைத்தது. காலையில் ஒரு பெங்களூர்ப் பையனுக்கு, வளவன் வயதுதான் இருக்கும், முழங்கால் தண்ணீரில் உட்கார வைத்துக் குழாயில் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தீர்கள். அவன் சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நான் கெட்டவள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பாறை முடிந்து கீழே சரிகிற இடத்தில் என் கையை விட்டீர்கள். விட்டது உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீலம் கறுத்துப்போகிற பக்கம் பார்த்தபடி தலைகீழாக இறங்கிக்கொண்டே போனீர்கள். சரவணகுமார் தன் சிலிண்டரில் இரும்பால் டங் டங்கென்று தட்டினான். நீங்கள் திரும்பவில்லை. என்னை விட்டுவிட்டு அவனும் வர முடியாது. அவன் என் கையைப் பிடித்திருந்த பிடியிலேயே அவன் பயம் எனக்குத் தெரிந்தது. நீங்கள் திரும்பி வந்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி விரலை வளைத்துச் சரி என்று காட்டினீர்கள். படகில் உங்கள் காற்று மீட்டரைப் பார்த்தேன், முள் சிவப்பில் கிடந்தது.

நீங்கள் சிலிண்டர் அடுக்கப் போனதும் சரவணகுமாரிடம் கேட்டேன். "அண்ணன் அடிக்கடி இப்படித்தாங்க்கா. கேட்டா நேரம் போனது தெரியலங்கறாரு" என்றான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், அங்கே கீழே என்ன பார்க்கிறீர்கள்?

மதி


ஹேவ்லாக்,
14.2.2026

அன்புள்ள மதிக்கு,

சரவணகுமாரை நான் திட்டவில்லை, கவலைப்படாதே. உன் கையை விட்டது எனக்கு நினைவில்லை. மன்னித்துக்கொள்.

கீழே ஒன்றும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் நீலம் கறுப்பாகும். கிணற்றை மேலிருந்து பார்த்தால் இருக்குமே, அந்த நிறம். இன்னும் கொஞ்சம் போனால் தெரிந்துவிடும் போல இருக்கும். என்ன தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மேலே வருவதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. வந்ததும் வெளிச்சம், டீசல் வாசனை, "சார் போட்டோ எடுத்தீங்களா" என்று கேட்கிற ஆட்கள். கீழே இருக்கும்போது அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை.

சித்ரா பௌர்ணமிக்கு நிச்சயம் வருகிறேன். அந்த ஒரு நாளை எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள். புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவர் சிலிண்டர் தருகிறேன் என்றிருக்கிறார். இரண்டு நாள் முன்னதாகவே கிணற்று மோட்டாரைப் போட வேண்டாம் என்று கோபியிடம் சொல், தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும். மேலே யாரும் நிற்க வேண்டாம். சடையனும் வேண்டாம், கயிறும் வேண்டாம். நான் தனியாக இறங்கி அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

பெங்களூர்ப் பையன் விஷயம் எழுதியிருந்தாய். நீ கெட்டவள் இல்லை. அன்றைக்கு நான் சிரித்தது எனக்கே தெரியாது.

அன்புடன்
புகழேந்தி


வேங்கிக்கால்,
22.3.2026

அன்புள்ள வளவன் அப்பாவுக்கு,

வேண்டாம் என்றீர்கள். இந்தக் கடிதத்தை வேறு யாருக்கும் எழுத முடியாது, அதனால் எழுதிவிட்டேன்.

கிணற்றை மூடிவிட்டோம்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஆபீசில் டிபன் டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு அதையே படித்தேன். யாரும் நிற்க வேண்டாம், கயிறு வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் இறங்கினால் ஏறி வர மாட்டீர்கள். உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். கடலில் உங்களைப் பின்னாலிருந்து பார்த்தவள் நான். அங்கேயாவது தட்டிக் கூப்பிட ஒரு பையன் இருந்தான்.

போனில் சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் பதில் வரும்வரை எனக்குத் தைரியம் இருந்திருக்காது. சாயந்திரமே கோபிக்கு போன் போட்டு ஜேசிபி சொல்லச் சொன்னேன். "மாமா வரட்டும்க்கா, அவரு ஆசப்பட்டுக் கேட்டாரு" என்றான். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா" என்றேன். வந்துவிட்டது.

மூடுவதற்கு முன்னால் சடையன் நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் இறக்கினான். "தூர்த்தாலும் கெணறு மூச்சு விடணும்மா, அடச்சிப் போட்டா பாவம்" என்றான். அந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்களாம். மண் விழ விழக் குழாய் சாய்ந்துவிடாமல் அவனே பிடித்துக்கொண்டு நின்றான். முதல் லோடு மண் தண்ணீரில் விழுந்த சத்தத்தில் கஸ்தூரி வீட்டைப் பார்த்து ஓடிவிட்டாள். நான் கடைசிவரை நின்றேன். நான் அழவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். வாய்விட்டு, ஊரே கேட்கிற மாதிரி அழுதேன். அவன் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை, உங்கள் இருமலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் எங்கே கிடந்தான் என்று நீங்கள் தொட்டுப் பார்க்க நினைத்ததை நான் எடுத்துவிட்டேன். அது எனக்குத் தெரியும். இதற்காக நீங்கள் வாழ்நாள் முழுக்க என்னோடு பேசாமல் இருந்தாலும் இருங்கள். உயிரோடு இருந்து பேசாமல் இருங்கள். ஒரு பிள்ளையை அந்தத் தண்ணீருக்குக் கொடுத்தது போதும், உங்களையும் கொடுக்க என்னால் ஆகாது.

குழாய் தரைக்கு மேலே முழங்கால் உயரம் நிற்கிறது. பக்கத்தில் உட்கார இடமிருக்கிறது. நீங்கள் வந்தால் உட்காருங்கள், நானும் வந்து உட்காருகிறேன். மேலே உட்காருவோம்.

உங்கள்
வளவன் அம்மா


ஹேவ்லாக்,
9.4.2026

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டேன். சரவணகுமார் எடுத்து நீவி, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனான். மறுநாள்தான் மறுபடி படித்தேன்.

என் பிள்ளை கடைசியாக இருந்த இடத்தை என்னைக் கேட்காமல் மூட நீ யார் என்று கத்தினேன். படகுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யார் என்று எனக்கே தெரியும். நீ எதிர்த்திசையில் ஓடி வந்தவள். அன்றைக்கு இரண்டு பாய்க்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு கையை அவன்மேலும் ஒரு கையை என்மேலும் வைத்திருந்தாய். நான் கண்ணைத் திறக்காமல் கிடந்தேன், ஆனால் அந்தக் கை எனக்குத் தெரியும்.

நான் ஏறி வந்திருப்பேனா என்று நிறைய யோசித்தேன். வந்திருப்பேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. தெரியவில்லை மதி. எனக்கே தெரியவில்லை என்றபோது பயம் வந்தது. அவன் போன பிறகு எனக்காக நான் பயப்பட்டது இதுதான் முதல் தடவை.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் வருவேன். சடையனிடம் குழாய் வாயில் ஒரு வலை கட்டச் சொல், பிள்ளைகள் கல்லைப் போட்டு அடைத்துவிடுவார்கள். நான் வந்து சடையனைப் பார்க்க வேண்டும்.

காலையில் ஆட்களை சரவணகுமாரோடு அனுப்பிவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். "அண்ணே, வரலியா?" என்று படகிலிருந்து கேட்டான். இல்லை என்று கையை ஆட்டினேன். நாளை மறுநாள் காலை போர்ட் பிளேரில் விமானம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன் போலிருக்கிறது. இருந்தாலும் உனக்கு எழுதிச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

இன்றைக்கு நான் கடலில் இறங்கவில்லை.

வளவன் அப்பா